ஏழாமவள்

பர்பேங்கில் மூன்றாம் மாடி. ஜன்னல் திறக்காது.
மேஜைமேல் எழுபத்து நாலாம் வருடத்துக் காமிக்ஸ்
பதினொரு இதழ்கள், பிளாஸ்டிக் உறையில்.
அன்றைக்கு இருபது சென்ட்.
இன்றைக்குக் கையுறை போடாமல் தொடக்கூடாது.

என் வேலை பேசுவதைத் தட்டச்சு செய்வது,
வெள்ளைப் பலகையை அழிப்பது,
பாதாம் பால் தீருமுன் வாங்கி வைப்பது.
யோசனை சொல்வது அதில் சேராது.

ஏரிக்கரை எழுவர்.
டொலீடோவில் கண்ணாடி ஆலை மூடிய மறுநாள்
வேலை போனவர்களுக்கு என்னவோ ஆகிறது.
ஒருவன் மூச்சுவிட்டால் மணல் உருகும்.
ஒருத்தி ஈரி ஏரியைப்
படுக்கை விரிப்பைப்போல் உதறுவாள்.
இரட்டையரில் ஒருவனுக்கு அடிபட்டால்
மற்றவன் பறப்பான்.
(அவனைத் தினமும் யாராவது அடிக்க வேண்டியிருந்தது.
பறப்பதன் செலவு அது.)

ஏழாமவள் டெல்லா.
பதினொரு இதழிலும் அவளுக்கு முகம் கிடையாது.
கட்டத்துக்குள் ஒரு பேச்சுக்குமிழி மிதக்கும்,
அதன் வால் சட்டத்தைத் தாண்டி
வெற்றுக் காகிதத்தில் போய் முடியும்.
"இடப்பக்கம் குனி."
குனிந்தவர் பிழைப்பார்.
அவள் சக்தி அவ்வளவுதான்.

மூன்று நாள் இதையே பேசினார்கள்.
மனசாட்சி என்றார் ஃபின்லே.
செத்துப்போன தாய், என்றாள் ப்ரியான்.
கடவுள் என்று ஒருவர் சொன்னதும்
எல்லோரும் காபி எடுக்க எழுந்தார்கள்.
கேமரா திரும்பினால் ஓரமும் திரும்பிவிடுகிறது,
அவளை எங்கே ஒளித்துவைப்பது?
கிராஃபிக்ஸில் பனிமூட்டம் போடலாமா?
கடைசி எபிசோடில் பெரிய நடிகையாய் ஒருத்தியை
இறக்கலாமா?
சேனலிலிருந்து குறிப்பு வந்தது:
ஆளைக் குறையுங்கள், சண்டையைக் கூட்டுங்கள்.

புதன்கிழமை டொலீடோவுக்குப் போன் போட்டார்கள்.
லொரெட்டா ஷிம்சாக், வயது எண்பத்து மூன்று.
கணவர் வெர்னனின் பென்சில் கோடுகள்மேல்
மை இழுத்தவள்.
டெல்லா எதன் குறியீடு என்று
ஆஸ்டர்ஹோல்ட் மரியாதையாய்க் கேட்டார்.

"குறியீடா?
பக்கத்துக்குப் பதினெட்டு டாலர் குடுத்தாங்க.
அவருக்கு மணிக்கட்டு வீங்கிப்போச்சு.
அட்டையில ஏழுன்னு அச்சடிச்சாச்சு,
ஏழு பேரை வரைய நேரமில்ல.
ஒருத்தியைத் தூக்கி வெளிய நிறுத்தினோம்."

அறையில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்.

"வெளிய நிக்கிறவ ஏதாவது பேசணுமில்ல?
அவர் தூங்கினப்புறம் நான்தான் எழுதினேன்.
மையோட மையா.
புத்தகம் வந்த அப்புறம்தான் அவரே படிச்சார்."

பிறகு கேட்டாள்:
"அவளுக்கு யாரைப் போடப்போறீங்க?"

ஸ்பீக்கரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
வெளியே யாரோ இலை ஊதும் இயந்திரத்தை
இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.
"இன்னும் முடிவாகலை, மேடம்" என்றார் ஆஸ்டர்ஹோல்ட்.
காலையிலேயே முடிவாகிவிட்டிருந்தது.
நிமிடக் குறிப்பில் அதற்கு நேரம் போட்டது நான்தான்:
ஒன்பது நாற்பது.

அக்டோபரில் நடிகர்கள் வட்டமாய் உட்கார்ந்து
முதல் எபிசோடை வாசித்தார்கள்.
ஐந்து நடிகர்கள், ஐந்து தண்ணீர்ப் பாட்டில்கள்.
காட்சிக் குறிப்புகளை வாசிப்பது என் பொறுப்பு,
மேஜையின் கடைக்கோடியில்,
பதிவு செய்யும் கேமராவுக்குப் பின்னால்.

முப்பத்தோராம் பக்கம். கண்ணாடி மழை.
அங்கே ஒரு வரி நீக்கப்படாமல் இருந்தது.
நீக்க வேண்டியவள் நான்.
மறந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"இடப்பக்கம் குனி," என்று வாசித்தேன்.

மணலை உருக்குபவன் குனிந்தான்,
ஒரு விரற்கடை அளவு, தாளைப் பார்த்தபடியே.
பிறகு நிமிர்ந்து கேட்டான்:
"இந்த வரி யாருடையது?"

பக்கங்கள் புரண்டன.
ஆஸ்டர்ஹோல்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
மாட்டிக்கொண்டார்.
"இருக்கட்டும், எடிட்டிங்கில் பார்த்துக்கலாம்."

முப்பத்திரண்டாம் பக்கம் வாசித்தேன்.
இடைவேளையில் போய்ப்
பாதாம் பால் வாங்கி வந்தேன்.